கேட்காமல் இருந்த வீடு

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்று எழுந்து வந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள்.

“சார், இப்போல்லாம் மெசேஜை நாங்க படிக்கறதே கம்மி. மெஷினே எல்லாத்தையும் படிச்சுட்டு, இது சந்தேகம், இது பரவாயில்லைன்னு பிரிச்சுக் குடுத்துடுது. நீங்கல்லாம் ஒவ்வொண்ணா படிச்சீங்களாமே. அது எப்படி இருந்துச்சுன்னு எங்களுக்கு எழுதிக் குடுங்களேன்” என்றாள்.

போனை வைத்ததும் என் மனைவி கோமளா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். “ஊரார் பேச்ச ஒட்டுக்கேட்டு சம்பளம் வாங்கின மனுஷன், இப்ப அதப் பத்தி கட்டுரை வேற எழுதப் போறாராமா?”

கல்யாணமான புதிதில் ஆரம்பித்த கிண்டல் இது. நானும் பதில் சொல்வதில்லை. யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வதில் பொய்யும் இல்லை.

நான் வேலை பார்த்தது சென்னையில் ஒரு நிதி நிறுவனம். அதற்கு இரண்டு பாதி உண்டு. ஒரு பாதி, கம்பெனிகளை விற்பவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் நடுவில் உட்கார்ந்து பேரம் முடித்துக் கொடுக்கும். அங்கே நடப்பது எல்லாம் பரம ரகசியம். இன்னொரு பாதி, எந்தப் பங்கை வாங்கலாம், எதை விற்கலாம் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் விற்பனைப் பிரிவு. முதல் பாதிக்குத் தெரிந்தது இரண்டாம் பாதிக்குத் தெரிந்துவிட்டால், அதை வைத்து யாராவது பங்குச் சந்தையில் புகுந்து விளையாடிவிடலாம். சட்டப்படி அது குற்றம். ஆகவே ஒரே கட்டடத்தில், ஒரே காபி மெஷினில் காபி பிடித்துக் குடிக்கும் இந்த இரண்டு கூட்டமும் வேலை விஷயமாக ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. அதற்கு எங்கள் தொழிலில் ‘சுவர்’ என்று பெயர். அந்தச் சுவரில் விரிசல் விடாமல் பார்த்துக்கொள்வதுதான் கம்ப்ளையன்ஸ் பிரிவின் வேலை. என் வேலையும் அதுதான்.

நான் சேர்ந்த காலத்தில் எல்லாம் டேப்தான். வாடிக்கையாளர்கள் போனில் சொல்லும் ஆர்டர்களைப் பதிவு செய்து வைப்பார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எடுத்துக் கொடுக்கிற சில டேப்புகளை மட்டும் கேட்டு எழுத வேண்டும். திருத்தணியில் ரயில் ஏறி, அரக்கோணம் தாண்டியதும் நசுங்கிக்கொண்டே போய், நாள் முழுக்க யாருடைய குரலையோ கேட்டுவிட்டுத் திரும்பி வருவேன். ரயில் சினேகிதர்கள், “உங்க ஆபீஸ்ல எந்த ஷேர் ஏறும்னு பேசிக்கிறாங்க?” என்று தினமும் கேட்பார்கள். “ஏசி சரியில்லன்னு பேசிக்கிறாங்க” என்பேன். அப்படியே பல வருடம் ஓடியது.

பிறகு கிளவுட் சாஃப்ட்வேர் வந்தது.

அது வந்த முதல் நாளை நினைத்தால் இப்போதும் எனக்குக் கையில் மயிர் சிலிர்க்கிறது. அதுவரை யானையின் வாலை மட்டும் தடவிக்கொண்டிருந்தவனுக்கு முழு யானையையும் காட்டியதுபோல இருந்தது. மெயில், சாட், வீடியோ மீட்டிங்கின் ஓரத்தில் தட்டுகிற ஒற்றை வரி, ஒரு கட்டைவிரல் பொம்மை உட்பட எல்லாம் ஒரே திரையில் வந்து விழுந்தன. சென்னையில் ஒருவர் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் மும்பையில் ஒருவர் பதில் போடுவார். ஆயிரக்கணக்கான பேச்சில் ஒன்று சந்தேகமாக இருந்தால் அதை மட்டும் பொறுக்கியெடுத்து, “இதைக் கொஞ்சம் பாருங்கள்” என்று சாஃப்ட்வேர் என் முன் வைக்கும். சிலவற்றை அனுப்பவிடாமலேயே நிறுத்தி வைக்கும். நான் பார்த்து ‘விடு’ என்றால்தான் போகும். இத்தனை மனிதர்களின் பேச்சு என் கண்ணுக்கு அடியில் ஓடுகிறது என்ற நினைப்பே முதல் வாரம் என்னைத் தூங்க விடவில்லை.

அந்தத் திரையை எப்படிப் பார்க்க வேண்டும் என்பது என் மேலதிகாரி பத்மாசனி மேடத்திடமிருந்துதான் எனக்குத் தெரிந்தது. ஒல்லியான உருவம். மேஜையில் எப்போதும் ஒரு பிளாஸ்க் வெந்நீர். ஒருவருடைய செய்தியைத் திறக்கும் முன் அந்த சாஃப்ட்வேர், “எதற்காகத் திறக்கிறீர்கள்?” என்று ஒரு பெட்டியைக் காட்டும். நாங்கள் எல்லாம் அதில் ஏதோ இரண்டு எழுத்தைத் தட்டிவிட்டு உள்ளே போவோம். மேடம் அந்தப் பெட்டியில் ஒரு முழு வாக்கியம் எழுதுவார். எழுதியதை ஒருமுறை படிப்பார். சில சமயம் அங்கேயே, “இதுக்காகத் திறக்க வேண்டியதில்ல” என்று அழித்துவிட்டு வெளியே வந்துவிடுவார். திறந்தாலும், சந்தேகப்பட்ட செய்தி, அதற்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. அவ்வளவுதான். அதற்கு மேல் திரையை உருட்ட மாட்டார். வேடிக்கையான செய்தி வந்தால் நாங்கள் சிரிப்போம். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

“நாம படிக்கறோம்னு அவங்களுக்குத் தெரியும், தணிகாசலம். தெரிஞ்சேதான் எழுதறாங்க. அது எவ்ளோ பெரிய விஷயம். தேவைக்கு மேல ஒரு வரி படிச்சா அது நமக்குத்தான் அசிங்கம்” என்பார்.

சுவரை சாஃப்ட்வேருக்குள் எழுப்பிய நாளும் அப்படித்தான். பேரப் பிரிவு இங்கே, விற்பனைப் பிரிவு அங்கே என்று பிரித்து, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகக் கூடாது, அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வரக் கூடாது என்று தனித்தனியாக விதி எழுதி, மேடம் ஒரு பொத்தானை அழுத்தினார். அழுத்திவிட்டு ஒரு டம்ளர் வெந்நீர் குடித்தார். அவர் டம்ளரைக் கீழே வைத்த கொஞ்ச நேரத்தில், அலுவலகத்தின் ஒரு பாதியின் கண்ணிலிருந்து இன்னொரு பாதி மறைந்தது. பேரைத் தேடினால் வராது. சாட் போகாது. இரண்டு பக்கத்து ஆட்களும் இருந்த குரூப்களிலிருந்து ஆட்கள் தானாகக் கழன்றார்கள். மதியச் சாப்பாட்டுக்கு என்று நாலு பேர் வைத்திருந்த ‘ஊறுகாய்’ என்ற குரூப்பிலிருந்து கழற்றப்பட்ட ஒருவர் என் மேஜைக்கே வந்து, “சார், ஊறுகாய்ல என்ன சார் ரகசியம் இருக்குது?” என்று கேட்டார். எதிரே நிற்கிற இரண்டு பேரை ஒரு விரலின் அழுத்தத்தில் ஒருவர் கண்ணிலிருந்து ஒருவரை மறைக்க முடிகிறதே என்ற பிரமிப்பில் நான் இருந்தேன்.

இந்த வேலையில் எல்லா நாளும் ஊறுகாயாக இருக்காது. ஒருநாள் எனக்கு வேண்டிய ஒருவரின் செய்தி என் வரிசையில் வந்து நின்றது. படித்தேன். அதில் இருந்த விஷயத்தால் அவருக்கு வேலை போகும் என்று தெரிந்தது. மேலே அனுப்பினேன். யார், என்ன என்பதை இங்கே எழுத முடியாது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து தட்டின் முன் உட்கார்ந்தேன். ஒரு கவளம் இறங்கவில்லை. எழுந்துவிட்டேன். கோமளா ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டை எடுத்துவிட்டு, ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து வைத்தாள். துணி மடிக்கப் போய்விட்டாள். “என்ன ஆச்சு?” என்று கூடவா ஒருத்தி கேட்க மாட்டாள் என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. என் வேலையைப் பற்றி அவள் என்றைக்கும் எதுவும் கேட்டதில்லை. கிண்டல் உண்டு, கேள்வி கிடையாது. அவளுக்கு இதில் அக்கறை இல்லை போலும் என்று நானும் விட்டுவிட்டேன்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். இது ஆபீஸே பின்னால் எல்லோருக்கும் சொன்ன கதைதான்; பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று ஆன பிறகு, எங்கள் நிறுவனத்தில் ஒரு தம்பதி சென்னை வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கள் ஊர்ப் பக்கமே வந்துவிட்டார்கள். முரளி, ரேவதி. முரளி விற்பனைப் பிரிவு. ரேவதி பேரப் பிரிவு. சுவரின் இரண்டு பக்கமும் ஒரே வீட்டில். கல்யாணத்தின் போதே அதை இருவரும் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அலுவலகமும் அனுமதித்திருந்தது. திருத்தணியிலிருந்து கே.ஜி.கண்டிகை போகிற வழியில் முரளியின் அப்பாவுக்கு நிலம், அதை ஒட்டி வீடு. நான் இருந்தது ஊருக்குள். ஆனாலும் நான் அவர்கள் முகத்தை நேரில் பார்த்ததில்லை. முரளி ஒவ்வொரு மெயிலையும் ‘அன்புடன்’ என்று முடிப்பார், ரேவதி முற்றுப்புள்ளிக்குப் பதில் மூன்று புள்ளி வைப்பார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. முகம் தெரியாது. என் தொழில் அப்படி.

ஒரு பெரிய கம்பெனி கைமாறுகிற பேரத்தில் ரேவதி இருந்தார். வெள்ளிக்கிழமை அறிவிப்பதாக ஏற்பாடு. அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, விற்பனைப் பிரிவின் தலைவர் ராகவன் ஒரு வாடிக்கையாளருக்கு அனுப்ப முயன்ற செய்தி ஒன்றை சாஃப்ட்வேர் நிறுத்தி என் முன் வைத்தது. அந்தக் கம்பெனியின் பங்கை இந்த வாரம் விற்றுவிடாதீர்கள், வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எனக்கு நன்றி சொல்வீர்கள் என்று அதில் இருந்தது.

செய்தி வெளியே போகவில்லை. ஆனால் ரகசியம் சுவரைத் தாண்டிவிட்டது. எப்படித் தாண்டியது?

மேடம் ராகவனை அழைத்துக் கேட்டார். “மார்க்கெட்ல பேசிக்கறாங்க மேடம்” என்றார் அவர். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “நான் யாரையும் சொல்லல. ஆனா என் டீம்ல முரளி இருக்காரு. அவரு மனைவி எங்க வேலை செய்யறாங்கன்னு உங்களுக்கே தெரியும்” என்றார்.

அது போதுமானதாக இருந்தது. மும்பைத் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய தலைகள் பேசினார்கள். ஒரே கூரைக்குக் கீழே புருஷன் பெண்டாட்டி, இதில் என்ன சுவர் வேண்டியிருக்கிறது, இரண்டு பேரையும் வெளியே அனுப்புங்கள் என்றார்கள். இந்தத் தொழிலில் ரகசியம் கசியவிட்டவர் என்று ஒருமுறை பெயர் விழுந்தால் வேறெங்கும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். மேடம் வெள்ளிக்கிழமை வரை அவகாசம் கேட்டார். தரப்பட்டது.

இருவரின் சொந்த போனில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டதைப் பார்க்க அனுமதி கேட்டோம். மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. இருவரும் உடனே சரி என்றார்கள். பார்த்தால், உள்ளே ஒன்றும் இல்லை. ரேவதி அந்தப் பேரத்தில் சேர்ந்த நாளிலிருந்து, அனுப்பிய செய்தி தானாக அழிந்துபோகும்படி இருவரும் வைத்திருந்தார்கள்.

எங்கள் தொழிலில் பேசுவதைவிட அழிப்பது பெரிய தப்பு. மேடம் அந்த வெற்றுத் திரையைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு வீடியோவில் ரேவதியை அழைத்து, ஏன் அழித்தீர்கள் என்று மட்டும் கேட்டார்.

ரேவதியின் முகத்தை அப்போதுதான் முதலில் பார்த்தேன். அழுது வீங்கிய முகம். “மேடம், நாங்க ரெண்டு பேரும் சுவத்துக்கு இந்தாண்ட அந்தாண்ட இருக்கோம். எங்களுக்குள்ள ஒரு மெசேஜ் இருந்தாலே அது தப்பாப் போயிடுமேன்னு பயம். தக்காளி வாங்கினு வான்னு போட்டா கூட இருக்கக் கூடாதுன்னு அப்படி வெச்சோம்” என்றார்.

ஊறுகாய் குரூப்பைக் கலைத்த இடத்தில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் இப்படித் தோன்றும். மற்ற எந்தக் குடும்பத்தில் புருஷன் பெண்டாட்டி தக்காளியை அழிப்பார்கள்? சுவருக்கு அவர்கள் காட்டிய மரியாதையே அவர்களைக் குற்றவாளியாக நிறுத்தியிருந்தது. எனக்கு அவர் சொன்னது உண்மை என்று பட்டது. உண்மை என்று படுவதை மும்பைக்கு அனுப்ப முடியாது.

மேடம் என்னைப் பார்த்தார். “நீங்க திருத்தணிதானே? வீட்ல எப்படி உக்காந்து வேலை செய்யறாங்கன்னு பாக்க நமக்கு பாலிசில இடம் இருக்கு. அவங்க சம்மதிச்சா போய்ப் பாத்துட்டு வாங்க. விசாரிக்காதீங்க. பாத்துட்டு மட்டும் வாங்க.”

மறுநாள் காலை ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினேன். முரளியின் அப்பா முனிரத்தினம் வாசலில் உர மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார். “ஆங், வாங்க வாங்க. ஆபீஸ்லேந்து வர்றவரு நீங்கதானா? நம்மூரு ஆளுன்னாரு புள்ள” என்று உள்ளே கூட்டிப்போனார். ரேவதி அவருடைய தங்கை மகள். முரளிக்கு முறைப்பெண். மாமனாரை அப்பா என்ற பொருளில் ‘நைனா’ என்றும் புருஷனை அத்தான் என்ற பொருளில் ‘பாவா’ என்றும்தான் கூப்பிட்டார்.

முரளியின் மேஜை கூடத்து அறையில் இருந்தது. ரேவதி மொட்டை மாடியில் சிமென்ட் ஷீட் போட்ட ஒற்றை அறையில். மாடிப்படி ஏறி முடிகிற இடத்தில் அந்த அறைக் கதவு. அதன் தாழ்ப்பாளில் ஒரு மஞ்சள் கயிறு முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. நிறம் வெளுத்து, மாதக்கணக்கில் அங்கே இருப்பது தெரிந்தது. ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக் கேட்டேன். ரேவதி தலையைக் குனிந்துகொண்டார். பெரியவர்தான் சிரித்தார்.

“அதுவா? அது எங்க வூட்டு வழக்கம் சாமி. ஆடிக் கிருத்திகைக்கு நாங்க காவடி எடுக்கிறவங்க. எங்கப்பன், நானு, இப்ப முரளி. வாய்ப்பூட்டு போட்டுகினு மலையேறுவோம்.”

எங்கள் ஊரில் அதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உதட்டில் வேல் குத்திப் பூட்டிக்கொண்டு காவடி எடுப்பார்கள். மலையேறி முருகனைப் பார்த்துக் கழற்றும் வரை ஒரு சொல் பேச முடியாது.

“பூட்டு போட்ட அன்னிக்கு வூட்டு கதவுல இந்தக் கயித்த கட்டிடுவோம்” என்றார் பெரியவர். “கயிறு இருந்தா அவன ஒண்ணும் கேக்கக் கூடாது. தண்ணி வேணுமான்னு கூட கேக்க மாட்டோம், கொண்டாந்து வெச்சிடுவோம். நாம ஒண்ணு கேட்டா அவன் மனசு பதிலத் தேடிக்கினு போகும்ல? வாய அவன் பூட்டிகினான். பூட்ட ஆட்டாம இருக்கிறது நம்ம வேல.”

“சரி, இங்க எதுக்கு?” என்றேன். விசாரிக்காதீர்கள் என்று மேடம் சொன்னது எனக்கு மறந்தே போயிருந்தது.

பாதிப் படியிலேயே நின்றுவிட்டிருந்த முரளி சொன்னார். “அந்தப் பேரத்துல போட்டாங்களே சார், அன்னிக்கு ரேவதி எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுச்சு. ‘பாவா, எனக்குப் பூட்டு.’ அவ்ளோதான். போயி கயித்த எடுத்தாந்து அதுவே கட்டிச்சு. அன்னிலேந்து இந்தப் படிக்கு மேல நான் ஏறல. என்னா வேலை, யாரோட மீட்டிங், ஏன் இன்னும் சாப்ட வரல, எதுவும் கேக்கல. நைனா டிவில வியாபார நியூஸ் வந்தா மாத்திடுவாரு. அந்தக் கம்பெனி பேரு வந்து, இது முகம் மாறி, நான் பாத்துட்டா? அதுவும் பதில்தானே சார்.”

நான் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

“ஒருநாள் மேல இது அழுதுகினு இருந்திச்சு” என்றார் முரளி. “கீழ எனக்குக் கேக்குது. வேலையில எதுனா திட்டு வாங்கிச்சா, பேரம் ஒடஞ்சிதா, ஒண்ணும் தெரியல. ஏன் அழுவறேன்னு கேட்டா, பதில்ல விஷயம் வந்துடுமே. டீ போட்டாந்து இதோ இந்தப் படியில வெச்சிட்டு எறங்கிட்டேன். கேக்காம எறங்கறதுதான் சார் கஷ்டமா இருந்திச்சு.”

ரேவதி அப்போதுதான் வாயைத் திறந்தார். “டீ ஆறிப்போறதுக்குள்ள எடுத்துக் குடிச்சிட்டேன் பாவா” என்றார்.

வாழ்நாள் முழுக்கச் சுவர் கட்டுகிற வேலை செய்தவன் நான். விதி எழுதி, பொத்தானை அழுத்தி, பேசுகிற வாய்களை அடைத்தவன். அத்தனையும் பேசுகிறவனைக் குறித்தது. கேட்கிறவனைத் தடுக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. அங்கே ஒரு வெளுத்த கயிறு அதைச் செய்துகொண்டிருந்தது. அந்தக் கயிற்றின் முன்னால் எனக்குக் கும்பிட வேண்டும்போல இருந்தது. கும்பிடவும் செய்தேன். பெரியவர் அதைச் சாமி விஷயம் என்று நினைத்து விபூதி கொண்டுவந்து கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து மேடத்துக்குப் போன் செய்தேன். பார்த்ததையும் கேட்டதையும் வரிசையாகச் சொன்னேன்.

“நான் நம்பறேன்” என்றார் கடைசியில். “ஆனா என் நம்பிக்கைய மும்பைக்கு அனுப்ப முடியாது.” பிறகு, “அந்தப் பெரியவர் என்ன சொன்னாரு? கேக்கறவங்க வேலைன்னாரா?” என்றார்.

“ஆமா மேடம்.”

“நாம யாரு சொன்னாங்கன்னே தேடிட்டு இருக்கோம், தணிகாசலம். ரேவதி சொன்னாங்களா, வேற யாராவது சொன்னாங்களான்னு அந்தப் பக்கத்துப் பேச்சையே கிண்டறோம். காது யாரோடதோ அங்கேந்து தேடலாம். ராகவனுக்கு இந்த மாசம் என்னென்ன வந்துச்சுன்னு பாருங்க. அவர் அனுப்பினது வேணாம். வந்தது.”

காரணம் கேட்கும் பெட்டியில் அன்று நானும் ஒரு முழு வாக்கியம் எழுதினேன். எழுதிவிட்டுத் தேடினேன். பேரப் பிரிவு ஆட்கள் யாரிடமிருந்தும் ராகவனுக்கு ஒரு வரி கூட வந்திருக்கவில்லை. சுவர் சுத்தமாக நின்றது. அப்புறம்தான் கண்ணில் பட்டது. யாருமே அனுப்பாத ஒரு மெயில். அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சாஃப்ட்வேரின் பெயரே இருந்தது.

ராகவன் முன்பு பேரப் பிரிவில் இருந்து விற்பனைக்கு மாற்றலாகி வந்தவர். பல வருடமாகிவிட்டதால் எல்லோரும் அதை மறந்துவிட்டிருந்தோம். பேரப் பிரிவில் வாராவாரம் திங்கள்கிழமை நடக்கும் ஒரு மீட்டிங்குக்கு, சுவர் எழுப்புவதற்கும் முன்பே, ஒருமுறை அழைப்பு போட்டு அதையே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பழைய அழைப்பில் ராகவன் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. மீட்டிங்குக்குள் நுழைய முயன்றிருந்தால் சுவர் தடுத்திருக்கும். அவர் நுழையவில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை. அந்த மாதம்தான் சாஃப்ட்வேரில் ஒரு புது வசதி வந்திருந்தது. மீட்டிங்கில் பேசியதை எல்லாம் அதுவே கேட்டு, அதுவே சுருக்கி எழுதி, அழைப்பில் பெயர் உள்ள அத்தனை பேருக்கும் அதுவே மெயில் போட்டுவிடும். நாங்கள் எழுதிய விதி ஆளுக்கும் ஆளுக்கும் நடுவில் நின்றது. மெஷின் எந்தப் பக்கத்து ஆளும் இல்லை. அது சுவரை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாமல் கடந்து போயிருந்தது.

அந்த மெயிலை ராகவன் திறந்திருந்தார். ஒருமுறை அல்ல, வந்த ஒவ்வொரு திங்கள்கிழமையும். தெரியாமல் வந்து விழுந்ததற்கு அவர் பொறுப்பில்லை. அப்படி வந்தால் உடனே எங்களிடம் சொல்ல வேண்டும் என்பது விதி. அவர் சொல்லவில்லை. அதை வைத்து வாடிக்கையாளருக்குச் செய்தி எழுதினார். பழியைத் தன் கீழே வேலை செய்கிறவர் மேல் தள்ளினார்.

வியாழக்கிழமை ராகவனை வேலையிலிருந்து அனுப்பினார்கள். அந்த வசதியைப் பேரப் பிரிவுக்கு மூடினோம். முரளி, ரேவதி பெயரில் எந்தக் குற்றமும் இல்லை என்று மேடமே எழுதி மும்பைக்கு அனுப்பினார். செய்தியை அழித்ததற்கு மட்டும் அவர்கள் இருவரையும் வீடியோவில் கூப்பிட்டார்.

“இனிமே எதையும் அழிக்காதீங்க. தக்காளின்னு எழுதினா தக்காளி அப்படியே இருக்கட்டும்” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அத்தனை வருடத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

இத்தனையும் எழுதி முடித்தது நேற்றுச் சாயங்காலம். போன் செய்த பெண்ணுக்கு அனுப்பும் முன், ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். கோமளா வெண்டைக்காய் நறுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். மஞ்சள் கயிறு வந்த இடத்தில் கத்தி நின்றது. அப்புறம் முடியும்வரை அது நகரவில்லை.

படித்து முடித்ததும், “நான் ஒண்ணு கேக்கலாமா?” என்றாள்.

“கேளேன்.”

“இப்பதான் நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்களே. அதான் கேக்கறேன். ஒருநாள் சாப்டாம எழுந்தீங்களே. நான் மோர் கொண்டாந்து வெச்சேனே. அன்னிக்கு என்ன ஆச்சு?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் அந்த நாளை எழுதியிருந்தேன் என்பதால் அல்ல. அவள் கேட்ட விதத்தில், இந்தக் கேள்வியை இன்று படித்ததிலிருந்து எடுக்கவில்லை என்று தெரிந்தது. அது அன்றைக்கே அவளிடம் இருந்திருக்கிறது. தட்டை எடுத்தபோதும், மோரை வைத்தபோதும், துணி மடிக்கப் போனபோதும் இருந்திருக்கிறது. அத்தனை வருடமாக அதை உள்ளேயே வைத்துக்கொண்டு, என்னைக் கிண்டல் மட்டும் செய்துகொண்டிருந்திருக்கிறாள். எங்கள் வீட்டுக் கதவில் கயிறு இருந்ததை நான்தான் பார்த்ததில்லை.

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அந்தப் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. வேலையை விட்டு வரும்போது கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். படித்ததை எந்தக் காலத்திலும் யாரிடமும் சொல்வதில்லை என்று. அந்த மனிதர் இன்னும் இருக்கிறார். கோமளாவுக்கும் தெரிந்தவர்தான்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

கோமளா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வெண்டைக்காய்த் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“ஓ, பூட்ட இன்னும் கழட்டலையா? சரி வுடுங்க. மோர் கொண்டாரட்டா?”

“கொண்டா” என்றேன்.